அவருக்குப் பதிலாக

முதலில் வாசகப் பெருமக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. மூளையைப் படம் பிடிக்கும் கருவிகளைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டது அதைவிடக் கொஞ்சம். இவ்வளவு சொற்பமான முதலை வைத்துக்கொண்டு, இன்னும் வராத ஒரு காலத்தைப் பற்றி எழுதத் துணிந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று பெரியவர்கள் கருதினால் அது நியாயமே. பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன். இக்கதையில் வரும் துளசிமணி அம்மாளுக்கு ஏற்பட்ட சந்தேகம் பிழையானதன்று. சந்தேகப்பட்ட ஆளைத்தான் அவர் மாற்றிப் பிடித்துவிட்டார்.

அந்தச் சந்தேகம் கத்தரிக்காயில் தொடங்கியது.

ஈரோட்டு உழவர் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துளசிமணியின் கணவர் சென்னியப்பன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காய் பார்த்து வாங்கத் தெரியாதவர் என்று உறவு முழுவதிலும் பெயர் எடுத்தவர். பெரியதாக இருந்தால் நல்ல காய் என்பது அவருடைய சித்தாந்தம். வீட்டுக்கு வந்து அரிந்தால் உள்ளே விதை மணல்போல இருக்கும். "விதையிலதான் சத்து, பேசாமச் செய்யி புள்ள" என்பார். அப்படிப்பட்டவர் அன்று ஒரு பிஞ்சுக் காயை எடுத்து, காம்பை விரலால் நிமிண்டிப் பார்த்து, "காம்பு வாடியிருக்குது, நேத்துக் காயி" என்று கீழே வைத்தார்.

கடைக்கார அம்மாள் சிரித்துவிட்டாள். "என்னங்கய்யா, இன்னிக்கு அம்மா கண்ணைக் கடன் வாங்கிப் போட்டுட்டு வந்துட்டீங்களாட்டம்?"

எல்லோரும் சிரித்தார்கள். துளசிமணியும் சிரித்தார். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கையில் கணவரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

சென்னியப்பனின் நெற்றியில் இருந்த பட்டையைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. அவருக்கு ஞாபகமறதி கிடையாது. எந்தத் தெருவில் எந்த மின்மாற்றி எப்போது வெடித்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வார். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அது பொங்கி வழிவதை நின்று பார்ப்பார். சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டு வருவார். மூளைப்பட நிலையத்தின் மருத்துவர் ரஷீதா பானு அதை நோய் தொடங்கியபோதே விளக்கியிருந்தார்: "ஞாபகம் எல்லாம் பத்திரமா இருக்குதும்மா. அதையெல்லாம் வேலை வாங்குற மேஸ்திரிதான் தளர்ந்து போயிட்டார். அந்த மேஸ்திரி இருக்கறது நெத்திக்குப் பின்னால."

அந்த மேஸ்திரிக்கு மாற்றாக வந்ததுதான் துணைமதி. மூளையின் நெற்றிமடலில் ஓடும் ரத்தத்தை ஒளியால் ஓயாமல் படம் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய பட்டை அது. நோய் முற்றுவதற்கு முன்பே நோயாளியை உட்கார வைத்து, தலையில் கவசம் மாட்டி, நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்டு, அவருடைய தேர்வுகளை எல்லாம் அதில் பதிந்துவிடுவார்கள். பின்னாளில் அவர் ஒரு முடிவெடுக்க முடியாமல் திணறும்போது, நலமாக இருந்த காலத்தில் அவர் என்ன சொல்லியிருப்பாரோ அதைக் காதோரம் அவருடைய குரலிலேயே முணுமுணுக்கும். அவருக்கு அது தன் எண்ணமாகவே தோன்றும். பட்டை அணிந்து எடுத்த முடிவு சட்டப்படியும் அவருடைய சொந்த முடிவே.

பட்டை வந்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. பால் பொங்கவில்லை. துண்டு ஈரத்தோடு கட்டிலில் கிடக்கவில்லை. அவர் வாயிலிருந்து 'புள்ள' என்ற சொல்லும் வரவில்லை. 'துளசி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நோய் இவ்வளவு நல்ல கணவரைக் கொடுத்ததற்கு நன்றி சொல்வதா பயப்படுவதா என்று துளசிமணிக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே சென்னியப்பன் சொன்னார்: "துளசி, புதங்கெழம காலையில நான் பெருந்துறை ரோட்டு இல்லத்துக்குப் போயர்றேன். வண்டி அனுப்பறன்னு சொல்லிட்டாங்க."

"எந்த இல்லமுங்க?"

"வயசானவங்க இருக்கறது. ஆருக்கும் பாரமா இருக்கக் கூடாது, பாரு."

கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. "நான் இருக்கறப்ப நீங்க எதுக்குங்க அங்க போவோணும்?"

"உனக்கும் வயசாச்சு. பையனுக்குச் சிரமம். எல்லாம் யோசிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் ரசம் ஊத்து."

துளசிமணி ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். பொய் சொல்லும் நோயாளியின் குரலை அவருக்குத் தெரியும். இது பொய் சொல்லும் குரல் இல்லை. ஆனால் யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும் குரல். யார் சொல்லிக் கொடுத்தது? பட்டையை வாங்கி மாட்டியவன் மகன். அதன் செயலி இருப்பது மகனுடைய கைப்பேசியில். போன தீபாவளிக்கு வந்தபோது, "இவ்வளவு பெரிய வீட்டை வெச்சுட்டு ஏனுங்கம்மா கஷ்டப்படறீங்க" என்று கேட்டவனும் அவன்தான். அப்போது பாசமாகப் பட்ட அந்தக் கேள்வியின் நிறம் இப்போது மாறிப்போனது.

துளசிமணி கூப்பிட்டதும் திருப்பூரிலிருந்து மகன் யுகேந்திரன் அன்று மாலையே வந்து சேர்ந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் துளசிமணி தொடங்கிவிட்டார்.

"யுகா, அந்தப் பட்டையில நீ என்னத்த ஏத்தி வெச்சிருக்கற?"

"நானுங்களா? சார்ஜ் ஏத்துவனுங்க. வேற என்ன ஏத்த முடியும்?"

"வெளையாடாத. உங்கப்பாவுக்கு இல்லத்துக்குப் போற எண்ணம் எங்கிருந்து வந்துச்சு?"

யுகேந்திரன் திகைத்துப் போனான். அந்தத் திகைப்பையும் துளசிமணி உற்றுப் பார்த்தார். அது சற்றுத் தாமதமாக வந்தது போல் அவருக்குப் பட்டது. "அப்பா போறன்னாருங்களா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே! ஆனா அவரு எப்பவும் ஆருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு நெனைக்கறவருதானுங்க."

"எப்பச் சொன்னாரு உங்கிட்ட?"

அவன் யோசித்தான். "அவரு சொல்லி நான் கேட்டதில்லீங்க. நீங்கதானுங்கம்மா எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லுவீங்க."

"பேச்ச மாத்தாத. ஊட்டை விக்கோணுமா உனக்கு? நேராக் கேளு, குடுத்தர்றேன். அந்த மனுசன் மண்டைக்குள்ள பூந்து வேலை செய்யாத."

யுகேந்திரன் கைப்பேசியை எடுத்துத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, தகப்பனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். செயலியில் மின்கலத்தின் அளவும், பட்டை அணிந்திருக்கிறாரா இல்லையா என்பதும் மட்டுமே இருந்தன. வேறொரு கைப்பேசி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார் துளசிமணி. சந்தேகம் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அது பாயையும் தானே விரித்துக்கொள்கிறது.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் புறப்பட்டுப் போன பிறகு, துளசிமணி ஒரு சோதனை வைத்தார். மகனுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத ஒரு விஷயம் வேண்டும். அவருடைய சித்தப்பா மகள் சரசு, காங்கேயத்திலிருந்து பேரனுக்குக் காது குத்து என்று அழைத்திருந்தாள். சரசுவின் வாயைக் கண்டால் துளசிமணிக்கு ஆகாது. ஆனால் அதை அவர் உறவில் யாரிடமும் காட்டியதில்லை. சென்னியப்பனோ, விருந்து என்றால் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் பாயசம் கேட்டு வாங்குகிறவர்.

"ஏனுங்க, சரசு ஊட்டு விசேஷத்துக்குப் போலாமுங்களா?"

சென்னியப்பன் ஒரு கணம் விழித்தார். பட்டையின் ஓரத்தில் சிறு விளக்கு ஒன்று மினுங்கியது. "தலையக் காட்டிப்போட்டு வந்தரலாம். பந்தியில உக்காரக் கூடாது. உக்காந்தா அவ மருமக நகைக் கதைய ஆரம்பிச்சுருவா, அப்புறம் எந்திரிக்க முடியாது."

 அது துளசிமணியின் மனதில் இருந்த வாக்கியம். 'மருமக நகைக் கதை' உட்பட எழுத்துக்கு எழுத்து அவருடையது. அதை அவர் ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். எங்கே என்று நினைவு வரவில்லை. தட்டைக் கழுவினார், துணியை மடித்தார். மடித்த துணியை மறுபடி மடித்தார். அப்போது நினைவு வந்தது: கவசம் மாட்டிய ஒரு நாற்காலி, பக்கத்து நாற்காலியில் தாம், 'விசேஷங்களுக்குப் போனால் விருந்து சாப்பிட்டு வருவீர்களா?' என்ற கேள்வி.

மத்தியானமே அவர் மூளைப்பட நிலையத்தில் இருந்தார்.

"என்னோட பையன் அதுக்குள்ள கை வெச்சிருக்கானுங்களா? மறைக்காமச் சொல்லுங்க டாக்டர்."

"யாரும் கை வைக்க முடியாதும்மா. சொத்துக்கு ஆசைப்பட்டு சொந்தக்காரங்க மாத்திடக் கூடாதுன்னுதான் சட்டமே வந்தது. பதிஞ்சது பதிஞ்சதுதான்," என்றார் ரஷீதா பானு.

"அப்ப என்னோட பேச்சு அவரு வாயில எப்படிங்க வருது?"

மருத்துவர் பழைய பதிவுகளைத் திறந்து சிறிது நேரம் பார்த்தார். பிறகு திரையைத் துளசிமணியின் பக்கம் திருப்பினார். பக்கவாட்டில் வெட்டிய ஒரு தலையின் படம். நெற்றிப் பக்கம் இருட்டாக இருந்தது.

"இது உங்க வீட்டுக்காரர். கேள்வி என்னன்னா, தனியா நடமாட முடியாமப் போனா எங்க இருக்க விரும்புறீங்கன்னு. இங்க பாருங்க, கேள்வி முடியுது. இந்த இடத்துல வெளிச்சம் வருது. பதில் தயாராகுதுன்னு அர்த்தம். இப்ப ஒரு குரல் வருது."

"அவரு கொரலுங்களா?"

"உங்க குரல்மா." மருத்துவர் பதிவை ஓடவிட்டார். கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பழக்கிய இனிமையான குரல் அறையில் ஒலித்தது: 'அவரு ஆருக்கும் பாரமா இருக்க விரும்ப மாட்டாருங்க. ஏதாச்சும் இல்லத்துல இருந்துக்குவன்னுதான் சொல்லுவாருங்க.'

துளசிமணிக்கு அந்த நாள் கண்முன்னே வந்தது. வெளியார் முன்னால் வேறு எப்படிச் சொல்வது? 'பையன் பார்த்துக்கொள்ளட்டும்' என்றால் பேராசையாகத் தெரியும். 'எங்கும் போக மாட்டோம்' என்றால் அகம்பாவமாகத் தெரியும். பசியோடு ஒரு வீட்டுக்குப் போனாலும், சாப்பிடுங்கள் என்றால், 'வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்' என்று சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த மரியாதையில்தான் அதையும் சொன்னார்.

"நான் சொன்னத அவரு சொன்னதா ஏனுங்க எடுத்தீங்க?"

"கருவி எடுத்துக்குது. வீட்டுக்காரங்க பதில் சொன்னா, நோயாளியோட மூளை அதை மறுக்குதான்னு பார்க்கும். மறுத்தாத் தள்ளிடும். இவர் மறுக்கலை. அதுக்குப் பதிலா, உங்க குரல் வந்ததும் இந்த இடம் பிரகாசமா எரிஞ்சுது பாருங்க. நிதானமா யோசிச்சு முடிவெடுக்கறப்ப எரியற இடம். முழுச் சம்மதம்னு கணக்கு வெச்சுக்கிச்சு."

"அப்ப அவரு ஒத்துக்கிட்டாருங்களா?"

"அப்படித்தான் நாங்களும் நினைச்சோம்." ரஷீதா பானு கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டும்மா. வாய் வரைக்கும் வந்ததை அடக்கறது. மனசார ஒப்புக்கறதுக்கும், பேச வந்ததை விழுங்கறதுக்கும் படத்துல ஒரே வெளிச்சம்தான். அவருக்கு வேற பழக்கம் ஏதாவது இருந்ததா, நீங்க பேசறப்ப?"

இருந்தது. நாலு பேர் முன்னால் மனைவியை மறுத்துப் பேசுவது சென்னியப்பனுக்கு அவமரியாதை. என்ன சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் கச்சேரி தொடங்கும். கோபம் வந்தால் மட்டும் மனைவிக்கு 'ங்க' போடுவார்: "வாங்க, எனக்கும் சேத்துப் பேசற அம்மிணிங்க! எனக்கு வாயில்லைன்னு ஆருங்க உங்களுக்குச் சொன்னது?" பிறகு அரை நாள் 'ங்க'வோடுதான் பேச்சு நடக்கும். கோபம் தீர்ந்ததற்கு அடையாளம், 'புள்ள' திரும்பி வருவது.

அன்று அந்தச் சண்டை நடக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது அவர் இரண்டு முறை வாயைத் திறந்தது துளசிமணிக்கு இப்போது ஞாபகம் வந்தது. கதவு சாத்தும் வரை ஒன்றை மனதில் பிடித்து வைத்திருக்கும் திராணி அப்போதே குறைந்திருக்க வேண்டும். சொல்ல வந்தது வழியிலேயே நழுவிவிட்டது. அவர் சமாதானமாகிவிட்டார் என்று துளசிமணி நினைத்துக்கொண்டார்.

"அவரு என்ன சொல்ல வந்தாருங்க?"

"ஒரு பதில் இருந்ததுன்னு படம் சொல்லும். என்ன பதில்னு சொல்லாது."

"மறுபடி எடுங்க டாக்டர். நான் வெளிய உக்காந்துக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்."

"எடுக்க அந்த வெளிச்சம் இப்ப அவர்கிட்ட இல்லீங்கம்மா."

"எத்தனை பதிலுங்க நான் சொன்னது?"

"பெரும்பாலும் நீங்கதான்." மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாமே நல்ல பதிலா இருந்தது. அதனாலதான் எங்களுக்குச் சந்தேகம் வரலை."

ரஷீதா பானு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பட்டையைக் கழற்றிவிட்டால் அந்த முடிவு செல்லாது என்பதை மருத்துவர் தெரிவித்தார். ஆனால் கழற்றினால், கணவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று மனைவி எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அவருடைய கையெழுத்து செல்லாது. ஓட்டு கிடையாது. தம் சிகிச்சையைப் பற்றிக்கூட அவர் எதுவும் சொல்ல முடியாது.

"அப்ப எல்லாத்தையும் ஆருங்க சொல்றது?"

"நீங்கதான். சட்டப்படி அவருக்குப் பதிலா நீங்க."

புதன்கிழமை காலை இல்லத்தின் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. சென்னியப்பன் தயாராக இருந்தார். பெட்டியில் துண்டுகள் சுருட்டி அடுக்கப்பட்டிருந்தன. துளசிமணி அடுக்குவது போலவே. விடியற்காலையிலேயே வந்திருந்த யுகேந்திரன் கதவோரம் நின்றான்.

"போகாதீங்க," என்றார் துளசிமணி.

"பிடிவாதம் பண்ணாத துளசி. மனசு சொல்றதையெல்லாம் கேட்டாக் குடும்பம் நடக்குமா?"

"தனியா எனக்குப் பயமா இருக்குதுங்க."

"பழகிட்டாச் சரியாப் போயிரும். எதுவும் நாலு நாளைக்குத்தான்."

ஒவ்வொன்றும் துளசிமணி முன்பு அவரை மடக்கிய வாக்கியம். சுற்றுலா போக வேண்டும் என்று அவர் கேட்டபோது, நாய் வளர்க்க வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிட்டுக் கடை வைக்கிறேன் என்று சொன்னபோது. இந்த வாக்கியங்களிடம் சென்னியப்பன் ஒருநாளும் ஜெயித்ததில்லை. இன்று துளசிமணியாலும் ஜெயிக்க முடியவில்லை.

"சரிங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போவோணும்னு உங்களுக்கு ஆசையா இருக்குதுங்களா?"

பட்டையின் விளக்கு மினுங்கியது. மினுங்கிக்கொண்டே இருந்தது. எது சரி, எது நல்லது, எது முறை என்றெல்லாம் நிலையத்தில் கேட்டிருந்தார்கள். ஆசையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை போலும். சென்னியப்பன் காதை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. பாட்டு நின்ற வானொலியைப் பார்ப்பது போல அவர் மனைவியைப் பார்த்தார்.

துளசிமணி எட்டி, அவர் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றினார். அவர் தடுக்கவில்லை. வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, நிலையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார். முடிவெடுக்கும் திறன் அறவே இல்லை என்ற வரிக்குக் கீழே தம் பெயரை எழுதினார்.

"உன்னையச் சந்தேகப்பட்டுட்டன் யுகா," என்றார் பிறகு.

"வேற ஆரச் சந்தேகப்படுவீங்க? நான் ஒருத்தன்தானுங்களே இருக்கேன்," என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மத்தியானம் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, துளசிமணி எதிரில் உட்கார்ந்தார்.

"ரசம் ஊத்தட்டுங்களா, மோர் ஊத்தட்டுங்களா?"

சென்னியப்பன் சோற்றைப் பார்த்தார். ரசத்தைப் பார்த்தார். மோரைப் பார்த்தார். ரசம்தான் பிடிக்கும், சூடாக இருக்கிறது, ஊற்றிவிடலாம் என்ற சொற்கள் துளசிமணியின் நாக்கு நுனி வரை வந்தன. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் துளசிமணியின் நெற்றியைப் படம் பிடித்திருந்தால் அதுவும் முழுச் சம்மதம் என்றே காட்டியிருக்கும். சோறு ஆறியது. ரசத்தின் ஆவி அடங்கியது. யுகேந்திரன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். துளசிமணி அசையவில்லை.

கடைசியில் சென்னியப்பன் நிமிர்ந்தார். தெளிவாக, தம் சொந்தக் குரலில் சொன்னார்:

"வேண்டாமுங்க."

துளசிமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஆட்டோவில் நழுவிப்போன கோபம் இத்தனை காலம் கழித்து வீடு வந்து சேர்ந்துவிட்டதா? அப்படியானால் அரை நாளில் 'புள்ள' வரும். அல்லது, நோய் ஞாபகத்தையும் தொட்டுவிட, முன்பின் தெரியாத வீட்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் சோறு போடுகிறாள் என்று எண்ணி, வளர்ந்த முறைப்படி மரியாதையாக மறுக்கிறாரா? முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கேட்டால் அவர் வாயில் தாமே ஒரு பதிலை வைத்துவிடுவோமோ என்று துளசிமணிக்குத் தம் மேலேயே சந்தேகமாக இருந்தது. காத்திருந்தார். அரை நாள் கழிந்தது. விளக்கு வைத்தார்கள்.

இதில் இழந்தவை இவ்வளவுதான். சென்னியப்பனின் கையெழுத்தும் ஓட்டும் போயின. விதை நிறைந்த கத்தரிக்காயும், முதல் பந்தியின் முதல் இலையும், இரண்டாம் முறை கேட்டு வாங்கும் பாயசமும் போயின. மகன் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் போயிற்று. அதில் ஒரு பகுதி பின்னர் திரும்பி வந்தது. 'புள்ள' என்ற ஒரு சொல் போயிற்று. கதவைச் சாத்திய பிறகு நடந்திருக்க வேண்டிய ஒரு சண்டை போயிற்று. ஒரு கேள்விக்கு ஒருவர் வைத்திருந்த ஒரு பதிலும் போயிற்று. அது என்னவென்று யாருக்கும் தெரியாது.